குரங்கணிச் சரிவில் ஒரு பழைய புல்வெட்டி

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம்தான் என்னைக் குரங்கணிக்கு இழுத்துக்கொண்டு போனது. 'எட்டு வருஷத்துக்கு முன்பு வாங்கிய, முதுகில் மாட்டும் புல்வெட்டும் மெஷின். பத்து நிமிஷம் ஓடினால் கடகடவென்று சத்தம் வருகிறது. கை மரத்துப் போகிறது. ஒரு மெக்கானிக் இன்ஜின் போய்விட்டது என்கிறார். இன்னொருவர் புதுசு வாங்கு என்கிறார். என்ன செய்யலாம்?' கீழே இன்னொரு வரி: 'மாசி முடிவதற்குள் பதில் வந்தால் நல்லது. புல் காய்ந்துகொண்டிருக்கிறது.'

சத்தத்தைக் காதால் கேட்காமல் பதில் எழுதுவது, மாட்டைப் பார்க்காமல் வைத்தியம் சொல்வது போல. அந்தக் கடைசி வரியும் உறுத்தியது. ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

மதுரையிலிருந்து போடிக்கு இப்போது ரயிலிலேயே போய்விடலாம். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். அகலப்பாதை முடிந்து போடி வரைக்கும் மறுபடி ரயில் வந்தது 2023 ஜூனில். இறங்கி பஸ் நிலையம் போனால் ஏலக்காய் வாசம். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் ஊர் இது. மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் விளையும் காய்கூட இங்கே வந்து விலை பேசப்படுகிறது. மேற்கே முந்தலில் சாலை பிரிகிறது. ஒன்று கொண்டை ஊசி வளைவுகளில் போடிமெட்டுக்கு ஏறும். மற்றது கொட்டகுடி ஆற்றை ஒட்டிக் குரங்கணிக்குப் போகும். போகப் போக மாந்தோப்பு, தென்னந்தோப்பு, இலவம் மரங்கள். பஸ்ஸில் பாதிப் பேர் சாக்கோடு ஏறி, அவரவர் தோட்டத்து வாசலில் இறங்கிக்கொண்டார்கள்.

குரங்கணி மலையடிவார ஊர். சாலை இங்கே முடிகிறது என்பதுதான் இந்த ஊரின் கதையே. இதற்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷன், அதற்கும் மேலே டாப் ஸ்டேஷன். பெயர்களைக் கேட்டு ரயில் நிலையம் என்று நினைத்தால் பாதி சரிதான். மூணாறு பக்கம் விளைந்த தேயிலையை வெளியே கொண்டுபோக, குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-ல் ஒற்றைத் தண்டவாள ரயில் போட்டார்கள். 1908-ல் அதைச் சிறு ரயிலாக மாற்றினார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி, இந்தச் சரிவு வழியாகக் குரங்கணிப் பக்கம் இறங்கி, பிறகு போடிக்குப் போயின. 1924 வெள்ளம் மேலே இருந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. போடிக்கு ரயில் வந்ததோ 1928-ல். இரண்டு ரயிலும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நூறு வருஷத்துக்கு முன்பு வடத்தில் இறங்கிய சரிவில், இன்றும் பல தோட்டங்களுக்கு மருந்தும் உரமும் குதிரையிலோ தலைச்சுமையிலோதான் ஏறுகின்றன. சமவெளியில் மெஷின் நின்றால் டி.வி.எஸ். வண்டியில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோகலாம். இங்கே பத்துப் பன்னிரண்டு கிலோவைச் சுமந்துகொண்டு கால் கடுக்க இறங்க வேண்டும். கடைக்காரர் 'ரெண்டு நாள் கழிச்சு வாங்க' என்றால் அந்த வாரக் கூலி போச்சு. ஆகவே இந்தப் பக்கத்து விவசாயிக்கு, மெஷினில் எந்த இடம் கெட்டது என்று தானே கண்டுபிடிக்கத் தெரிந்தால் பாதிப் பழுது நீங்கின மாதிரி.

கடிதம் எழுதியவர் ஆற்றோரத்தில் காத்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கீழே மாவும் தென்னையும், மேலே கொஞ்சம் காபியும் மிளகும், இரண்டு கறவை மாடு. தோட்டத்தின் மேல் எல்லையில் காடு.

"மெஷினை ஓட்டிக் காட்டுங்கண்ணே" என்றேன்.

ஓட்டினார். உண்மையில் சத்தத்தை முதலில் கண்டுபிடித்தது அவர் இல்லை, அவர் மனைவி. "நான் மாட்டுக்கொட்டத்துல இருந்தே சொன்னேன் தம்பி, முந்தி மாதிரி இல்ல, அறவை மில்லு மாதிரி கேக்குதுன்னு. இவுக சொன்னாக் கேக்க மாட்டாக. இவுகளுக்குக் காதும் முந்தி மாதிரி இல்ல." அவர் சிரித்து மழுப்பினார். எட்டு வருஷம் காதுக்கு எதுவும் வைக்காமல் ஓட்டியிருக்கிறார். 85 டெசிபலைத் தாண்டிய சத்தத்தில் நாள் முழுக்க வேலை செய்தால் காது கெடும் என்பது மருத்துவக் கணக்கு. இந்த மெஷின்கள் சாதாரணமாகவே அதைத் தாண்டும். காதுக்கு மூடி வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன், யாரும் வாங்குவதில்லை. அவர் மனைவி இல்லாவிட்டால் கியர் உடைந்து நொறுங்கும்வரை இவர் ஓட்டியிருப்பார்.

சத்தத்தைப் பாதியாக வெட்டுங்கள்

பழைய மெஷினில் சத்தம் வந்தால் நம் ஆட்கள் முதலில் கை வைப்பது இன்ஜினில்தான். அது தப்பு. சத்தம் எங்கே வருகிறது என்று தெரியாதபோது, மெஷினை இரண்டு பாதியாகப் பிரித்து எந்தப் பாதியில் வருகிறது என்று பார்க்க வேண்டும். குளிர்நாடுகளில் மாட்டுத் தீவனப் புல்லை டிராக்டரில் கத்திப் பட்டை கட்டி அறுப்பார்கள். அந்தக் காலத்து மெஷினில் கத்தியை ஆட்டும் தண்டு மரத்தாலேயே இருக்கும். அது தேய்ந்தால் டொக் டொக் என்று அடிக்கும். அங்கேயும் இதே வழிதான்: கத்தியைக் கழற்றிவிட்டு ஓட்டு, சத்தம் நின்றதா பார்.

நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஒவ்வொரு முறை கத்திப் பக்கம் கை வைக்கும் முன்பும் இன்ஜினை அணைத்து, பிளக் மூடியைப் பிடுங்கிவிட்டோம். அதில் சலுகையே கிடையாது.

முதலில் மெதுவாக ஓடவிட்டேன். சத்தம் இல்லை, கத்தியும் சுற்றவில்லை. ரேஸ் கொடுக்காமலே கத்தி சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் உடைந்திருக்கும், இல்லை ஐடில் கூடுதலாக இருக்கும். இவருக்கு அந்தக் கோளாறு இல்லை. ரேஸ் கொடுத்தேன். கத்தி சுற்றத் தொடங்கியதும் ஒரு நடுக்கம், சூடேறியதும் அந்தக் கடகட.

அணைத்துக் கத்தியைக் கழற்றினோம். இங்கேயே ஒரு சின்ன எச்சரிக்கை. பெரும்பாலான மெஷினில் கத்தி நட்டு எதிர்மரை. கழற்ற வலப்பக்கம், அதாவது கடிகார முள் போகும் திசையில் திருப்ப வேண்டும். வழக்கம்போல இடப்பக்கம் திருப்பி மரையை அறுத்தவர்கள் நிறைய. கத்தி இல்லாமல் ஓட்டினால் கையில் நடுக்கம் பாதிக்கு மேல் குறைந்தது. சத்தம் மட்டும் அப்படியே. ஆக, நடுக்கம் வேறு, சத்தம் வேறு. இரண்டு நோய்.

கத்தியை ஒரு ஆணியில் தொங்கவிட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் ஒரே பல் கீழே வந்து நின்றது. மலைக்காட்டில் கல்லில் அடிபட்டு ஒரு பல் முனை போயிருக்கிறது. மற்றதை இவர் அரத்தில் கூராக்க, ஒன்று கனமாகவும் ஒன்று லேசாகவும் ஆகிவிட்டது. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும்போது அந்தச் சில கிராம் வித்தியாசம் போதும். கை மரத்ததும் அதனால், அடியில் இருக்கும் பேரிங்கைத் தின்றதும் அதுதான். கூராக்கும்போது எல்லாப் பல்லுக்கும் எண்ணி ஒரே அளவு அரம் போட வேண்டும். மயிரிழை விரிசல் தெரிந்தால் கத்தியை வெல்டிங் வைக்கவே கூடாது, தூக்கி எறிய வேண்டும். தெறித்தால் காலை வெட்டும்.

அடுத்ததுதான் முக்கியமான பாதி. முதுகு மெஷினில் இன்ஜினுக்கும் கைப்பிடிக் குழாய்க்கும் நடுவே வளையும் குழல் ஒன்று, அதற்குள் கம்பிக் கேபிள் ஓடும். அந்தக் குழலை இன்ஜினிலிருந்து கழற்றி எடுத்தேன். கிளட்ச் டிரம் அதன் கூட்டோடு இன்ஜினிலேயே இருக்க வேண்டும். டிரம்மையும் சேர்த்துக் கழற்றிவிட்டு ரேஸ் கொடுத்தால் கிளட்ச் ஷூ விரிந்து பறக்கும், செய்யாதீர்கள். சுமை இல்லாமல் ஓடுவதால் பாதி ரேஸுக்கு மேல் வேண்டாம், சில விநாடி போதும்.

ஓட்டினேன். சத்தம் இல்லை! மலையே அமைதியான மாதிரி இருந்தது. அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அப்ப இன்ஜின் போகலையா?" என்று இரண்டு தடவை கேட்டார். போகவில்லை. இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தால் பல ஆயிரம் செலவாகி, சத்தம் அப்படியே இருந்திருக்கும்.

ஒருவேளை இந்தச் சோதனையில் சத்தம் இன்ஜின் பக்கமே இருந்திருந்தால்? பிளக்கைக் கழற்றிவிட்டு, உருளும் சக்கரத்தைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கிராங்க் பேரிங். சைலன்ஸரைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியாகப் பிஸ்டன் தெரியும். அதில் நெட்டுக்குத்தாகக் கீறல் விழுந்திருந்தால் ஆயில் இல்லாமல் ஓடி உரசியிருக்கிறது. கிளட்ச் டிரம் நீலம் பாரித்திருந்தால், ஷூ வழுக்கி வழுக்கிச் சூடேறியிருக்கிறது. இன்ஜினைத் தாங்கும் ரப்பர்கள் கிழிந்தாலும் இன்ஜின் உடைந்த மாதிரியே சத்தம் வரும். நான் பார்த்தவரை அதுதான் மலிவான பழுது, அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

இனி கீழ்ப்பாதி. குழலுக்குள்ளிருந்து கேபிளை உருவினோம். கிரீஸே இல்லை, துரு நிறம். ஒரு இடத்தில் கம்பி இழைகள் பிரிந்திருந்தன. சரிவில் நிற்கும்போது குழலை இறுக வளைத்துப் பிடிப்பார், அந்த வளைவு விழும் இடம். கேபிளை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் கடகட அதிலிருந்து இல்லை.

கடைசியில் நுனியில் இருக்கும் கியர் ஹெட். குழாயில் இறுக்கும் போல்டைத் தளர்த்திக் கழற்றி, கத்தி மாட்டும் அச்சைக் கையால் சுற்றினேன். மணல் அரைபடுவது போல நரநரவென்றது. பக்கவாட்டில் ஆட்டினால் ஆடியது. "கிரீஸ் எப்பப் போட்டீங்க?" என்றேன். "அதுக்கு கிரீஸ் போடணுமா?" என்றார். பக்கத்தில் ஒரு போல்ட் இருக்கும், அதைக் கழற்றினால் உள்ளே கிரீஸ் போடலாம். எட்டு வருஷமாக அந்தப் போல்ட் திறக்கவே இல்லை. சுமார் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டிய இடம் அது. அதற்காக வாய்வரை அடைக்கவும் கூடாது. முக்கால்வாசிக்கும் குறைவாகப் போட்டால் போதும், அடைத்தால் சூடாகும். பத்து நிமிஷம் ஓட்டி அணைத்த பிறகு கியர் ஹெட்டில் கை வைக்க முடியாத அளவு சூடு இருந்தால், உள்ளே காய்ந்திருக்கிறது அல்லது பேரிங் போகிறது என்று அர்த்தம். மிச்சம் மீதி இருந்த கிரீஸ் சூட்டில் இளகி ஒதுங்கியதால்தான் இவருக்குப் பத்து நிமிஷம் கழித்துச் சத்தம் வந்தது.

பிரிப்பதற்கு அக்கா அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். கூடு அலுமினியம், பேரிங் இரும்பு. சூட்டில் அலுமினியம் கூடுதலாக விரியும். பூட்டு வளையத்தை எடுத்துவிட்டுக் கொதிநீரில் சில நிமிஷம் போட்டு, மரக்கட்டையில் தட்டினால் பேரிங் தானாக இறங்கிவிடும். சுத்தியலால் குத்தி எடுத்தால் கூடு விரியும். நெருப்பில் காட்டவும் வேண்டாம். பழைய கிரீஸைத் துணியில் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தோம். வெள்ளி மினுமினுப்பு, அது பேரிங்கின் துகள். பற்களை விரலால் தடவினேன். தேய்ந்திருந்தாலும் முனை கத்தி போலக் கூராகவில்லை, உடையவில்லை. பற்கள் தப்பித்தன.

பேரிங்கின் ஓரத்தில் எண் அடித்திருப்பார்கள். அதுதான் அதன் ஜாதகம். 6001 என்றால் உள்வட்டம் 12, வெளிவட்டம் 28, கனம் 8 மில்லி மீட்டர். 6201 என்றால் உள்வட்டம் அதே 12, வெளிவட்டம் 32, கனம் 10. எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் எண் ஒன்றாக இருந்தால் சாதாரண பேரிங் கடையிலேயே கிடைக்கும், மெஷின் விற்ற கடைக்கே போகத் தேவையில்லை. அண்ணன் மகன் பழைய பேரிங்குகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் போடிக்கு இறங்கினான். பல் போயிருந்தால் கியர் ஹெட்டை முழுதாகவே மாற்ற வேண்டும். அப்போது இரண்டு அளவு எடுத்துக்கொண்டு போங்கள்: குழாயின் கனம் 26-ஆ 28-ஆ, உள்தண்டின் நுனியில் பல் 7-ஆ 9-ஆ. இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கி வந்து மறுபடி இறங்கியவர்கள் உண்டு.

ஜாலி எங்கே போச்சு?

பையன் திரும்பி வருவதற்குள் சும்மா இருக்க வேண்டாமே என்று சைலன்ஸரைக் கழற்றினேன். அதன் வாயில் சின்னக் கம்பி ஜாலி இருக்க வேண்டும். இல்லை.

போன வருஷம் மெஷின் இழுக்கவில்லை என்று கொடுத்தபோது பழுது பார்த்தவர் அதைப் பிடுங்கிவிட்டாராம். "எடுத்ததும் நல்லா இழுத்துச்சு சார்." இழுக்கத்தான் செய்யும். கரி அடைத்த ஜாலி மூக்கை அடைத்தது மாதிரி. ஆனால் அது அங்கே இருப்பதே, புகையோடு வரும் கனன்ற கரித்துகள் வெளியே விழாமல் தடுக்கத்தான். தீப்பொறியைப் பிடிக்கும் ஜாலி அது. சமவெளியில் பச்சைப் புல் வெட்டுகிறவருக்கு வேண்டுமானால் அது சின்ன விஷயம்.

இவர் வெட்டுவது எங்கே? தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே தீ ஏறாமல் இருக்கத் தன் பட்டா எல்லையில் புல்லை அகலமாக வெட்டிவிடுகிறார். மாசி முடிவதற்குள் பதில் வேண்டும் என்று எழுதியது இதற்காகத்தான்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து மலையேற வந்தவர்கள் கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். உள்ளூர்க்காரர்கள்தான் இருட்டில் ஏறிப் போய்த் தூக்கி வந்தார்கள். அந்த நாளைப் பற்றி இந்த ஊரில் யாரும் தானாகப் பேச்செடுப்பதில்லை. நானும் எடுக்கவில்லை. சைலன்ஸரைக் கையில் வைத்துக்கொண்டு ஜாலி எதற்கு என்று சொல்லி முடித்ததும், அண்ணன் மேலே சரிவைப் பார்த்தார். ஆளுயரப் புல் பழுத்துக் காற்றில் சாய்ந்துகொண்டிருந்தது. "தீயத் தடுக்கப் போயி நானே வச்சிருப்பேன் போல" என்றார். பிறகு மகனுக்குப் போன் போட்டு, ஜாலியும் ஒன்று கேட்டு வாங்கி வா என்றார். கடையில் கிடைத்தது. சின்ன விலைதான்.

ஜாலி ஏன் அடைத்தது என்றும் பார்க்க வேண்டும். ஆயில் கூடிப்போனால் கரி கூடும். இவர் லிட்டருக்கு 'ரெண்டு மூடி' என்று கண்மதிப்பில் ஊற்றுகிறார். டூ ஸ்ட்ரோக் மெஷினுக்கு 50-க்கு 1 என்று புத்தகத்தில் இருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. மாட்டு ஊசி போடும் 20 மில்லி சிரிஞ்சு ஒன்றைப் புதிதாக வாங்கி இதற்கென்றே வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஃபோர் ஸ்ட்ரோக் மெஷின் வைத்திருப்பவர்கள் பெட்ரோலில் ஆயில் கலக்கவே வேண்டாம், இன்ஜின் ஆயிலைத் தனியாகப் பார்த்தால் போதும். ஜாலியை மாதம் ஒருமுறை கழற்றிக் கம்பி பிரஷால் தேய்த்தால் இழுக்கும் பிரச்சினையே வராது.

காய்ந்த புல்லில் வெட்டும்போது வேறு சில கணக்கும் உண்டு. இரும்புக் கத்தி கல்லில் உரசினாலே பொறி பறக்கும். ஆகவே பனி ஈரம் இருக்கும் காலையில் வெட்டி, வெயில் ஏறியதும் நிறுத்திவிட வேண்டும். கல் அதிகமான இடத்தில் நைலான் நரம்பு மாட்டலாம். பெட்ரோல் ஊற்றும் முன்பு பத்து நிமிஷம் ஆறவிட்டு, வெறும் மண்தரையில் வைத்து ஊற்றி, அங்கிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சூடான மெஷினைப் புல் மேல் வைக்கவே கூடாது. எல்லைக்கு அப்பால் வனத்துறை நிலத்தில் வெட்டுவதாக இருந்தால் வனச்சரக அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள். வெட்டிய புல்லையும் அங்கேயே போட்டுவைத்தால் பயனில்லை. இவர் மாட்டுக்குத் தேறுவதைக் கட்டித் தூக்கிவந்துவிடுகிறார்.

ஏலத்தோட்டக்காரர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒன்று. ஏலத்தில் காய்க்கும் சரம் தூரிலிருந்து தரையோடு படரும், வேரும் மேலாகவே ஓடும். தூரைச் சுற்றிக் கையால்தான் களை எடுக்க வேண்டும், மெஷினை நடு இடைவெளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்குப் பையன் வந்தான். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்ட பேரிங், கேபிள், லித்தியம் கிரீஸ் டப்பா, ஜாலி, புதுக் கத்தி ஒன்று. எல்லாம் சேர்த்தும் புது மெஷின் விலையில் சின்னப் பங்குதான். புதுசு வாங்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் வேளாண் பொறியியல் துறை மானியம் இருக்கிறது. இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிட, பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். உழவன் செயலியில் பதியலாம். அந்தந்த ஆண்டு ஒதுக்கீட்டைப் பொறுத்தது. பிஸ்டனும் கிராங்கும் சேர்ந்து போன பழைய மெஷினுக்குச் செலவழிக்காமல் இந்த வழியைப் பாருங்கள் என்பேன். இவருடையது அந்த நிலையில் இல்லை.

மாட்டி முடித்து ஸ்டார்ட் செய்தபோது அக்கா கொட்டத்திலிருந்து வெளியே வந்து நின்று கேட்டார். பத்து நிமிஷம் ஓட்டினோம். கியர் ஹெட்டில் கை வைத்துப் பார்த்தேன், பொறுக்கக்கூடிய சூடுதான். "இப்பச் சரியா இருக்கு" என்று அவர் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். விடியற்காலையில் மேல் எல்லையிலிருந்து சீராக ஒரு சத்தம். எட்டரை மணிக்கு வெயில் சரிவில் இறங்கியதும் நின்றது. பஸ்ஸுக்குப் போகும் வழியில் திரும்பிப் பார்த்தேன். பழுத்த புல்லுக்கு நடுவே மண் தெரிய ஒரு பட்டை, இன்னும் பாதி எல்லை பாக்கி. அதற்கு நாலு காலை ஆகும் என்று அண்ணன் கணக்குச் சொல்லியிருந்தார்.